வேன் கிளம்பிய பிறகு என்ன நடக்கிறது? கிராமத்து இலவச மருத்துவ முகாம்கள் பற்றி ஒரு விளக்கம்

2024 நவம்பரில் குஜராத் மாநிலம் மெஹ்சாணா மாவட்டத்தின் போரிசாணா கிராமத்தில், அகமதாபாத்தைச் சேர்ந்த ஒரு தனியார் மருத்துவமனை இலவச மருத்துவ முகாம் நடத்தியது. வந்தவர்களில் 19 பேரை மேல்சிகிச்சை என்று சொல்லி அகமதாபாத்துக்கு அழைத்துப் போனார்கள். அதில் 7 பேருக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்தார்கள், 2 பேர் இறந்துபோனார்கள். தேவையே இல்லாதவர்களுக்கு அரசுக் காப்பீட்டுப் பணத்துக்காகச் செய்த சிகிச்சை இது என்று வழக்குப் பதிவானது, கைதுகளும் நடந்தன.

அந்தச் செய்திக்குப் பிறகு 'இலவச முகாம்' என்றாலே பலருக்குச் சந்தேகம். இன்னொரு பக்கம், நம் ஊர்களில் பள்ளிக்கூட வளாகத்திலும் கல்யாண மண்டபத்திலும் வாராவாரம் முகாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு வந்து நூறு பேரைப் பார்க்கிற மருத்துவர்கள், டோக்கன் கொடுத்து வரிசையை ஒழுங்குபடுத்துகிற கல்லூரி மாணவர்கள், மருந்து அட்டைகளைப் பிரித்து அடுக்குகிற தன்னார்வலர்கள் எல்லோரும் மனசார உழைக்கிறார்கள். 2025 ஆகஸ்ட்டில் தமிழக அரசும் 'நலம் காக்கும் ஸ்டாலின்' என்ற பெயரில் பெரிய அளவில் முகாம்களைத் தொடங்கியது. அப்படியானால் போகலாமா, வேண்டாமா? போனால் எதை எதிர்பார்க்கலாம்? ஊரில் நாமே ஒரு முகாம் நடத்துவதென்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

முகாம் அன்று எத்தனை பேர் வந்தார்கள் என்பது ஒரு முகாமைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே சொல்லாது. மறுநாளிலிருந்து என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில், எதை முகாம் என்கிறோம்?

ஊருக்குள் வந்து செய்யும் மருத்துவத்தில் மூன்று வகை உண்டு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வாக்குவாதம் வருகிறது.

1. முகாம். ஒரு நாள், ஒரு இடம், பல துறை மருத்துவர்கள். அரிமா சங்கம், ரோட்டரி, கோயில் அறக்கட்டளை, கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டம், கட்சிக் கிளை, தனியார் மருத்துவமனை என்று யார் வேண்டுமானாலும் ஏற்பாடு செய்வார்கள். அதே குழு அதே ஊருக்குத் திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

2. நடமாடும் மருத்துவ வேன். மருத்துவர், செவிலியர், மருந்து, சில எளிய பரிசோதனைக் கருவிகள். மாதத்தில் இன்ன தேதி இன்ன கிராமம் என்று அட்டவணை போட்டு வரும். 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் இந்தியா முழுக்க இது பரவியது. தமிழ்நாட்டில் வட்டாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஓடுகிறது. தொண்டு நிறுவனங்களும் தனியாக வேன் ஓட்டுகின்றன. சாலை இல்லாத இடத்தில் வேனுக்குப் பதில் வேறு வாகனம். அசாமில் பிரம்மபுத்திராவின் மணல் தீவுகளுக்கு 2005 முதல் படகு மருத்துவமனை போகிறது. 1991இல் தொடங்கிய லைஃப்லைன் எக்ஸ்பிரஸ் என்ற ரயிலில் அறுவை அரங்கே இருக்கிறது.

3. வீட்டுக்கே வருவது. மருத்துவர் வருவதில்லை, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருவர் பி.பி. மெஷினோடு வருகிறார். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்த வகை.

மேலிருந்து கீழே போகப் போக வருகிறவரின் மருத்துவப் படிப்பும் கருவியின் விலையும் குறைகின்றன, திரும்பி வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும்போது முகாம் எதற்கு?

நியாயமான கேள்வி. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 20,000க்கும் 3,000க்கும் ஒன்று என்பது நாட்டின் பொதுக் கணக்கு. தமிழ்நாடு இதில் மற்றப் பல மாநிலங்களைவிட நல்ல நிலையில்தான் இருக்கிறது. ஆனால் கட்டடம் இருப்பதும் ஒருவர் அங்கே போய்ச் சேருவதும் வேறு வேறு விஷயம். ஓ.பி. நடப்பது காலையில். நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போகிறவருக்குக் காலையில் ஓ.பி. போவது என்றால் அன்றைய கூலி போச்சு. கண் தெரியாத பாட்டியைக் கூட்டிப்போக வீட்டில் இன்னொருவரும் வேலையை விட வேண்டும், ஆக இரண்டு கூலி. மினி பஸ் ஒரு நாளைக்கு இரண்டு நடை வரும் ஊரில் மாத்திரை வாங்கப் போவதே முழு நாள் வேலை. மருந்து இலவசம்தான், அதை வாங்கப் போகும் நாள் இலவசம் இல்லை.

இரண்டாவது காரணம் சிறப்பு மருத்துவர்கள். கண், காது, பல், தோல், மகப்பேறு மருத்துவர்கள் பெரும்பாலும் நகரத்தில்தான் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவர் பொது மருத்துவர். முகாம் தர முடிகிற ஒரே அரிதான பொருள் இந்தச் சிறப்பு மருத்துவரின் நேரம்தான். அந்த நேரத்தைக் காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் செலவழித்துவிட்டால் முகாம் நடத்தியதில் அர்த்தமே இல்லை.

ஒரு முகாமின் கணக்கு

பதிவு மேசை, பி.பி.-சுகர் மேசை, மருத்துவர், மருந்து மேசை, பிறகு சிலருக்குப் பரிந்துரைச் சீட்டு. முகாமின் வரிசை பொதுவாக இதுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். காலை 9 முதல் மதியம் 2 வரை முகாம், 4 மருத்துவர்கள், 300 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மருத்துவருக்கு 75 பேர், கையில் 300 நிமிடம். ஆளுக்கு 4 நிமிடம். அதில் உட்கார, பெயர் சொல்ல, 'என்ன பண்ணுது?' என்று கேட்க, எழுத என்று போனால் யோசிக்க மிஞ்சுவது ஒன்றரை நிமிடம்கூட இருக்காது. நல்ல மருத்துவராக இருந்தாலும் அந்த நேரத்தில் என்ன செய்ய முடியும்? சந்தேகப்பட முடியும், உறுதிப்படுத்த முடியாது.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் முகாம்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம். ஆரம்பநிலைப் பரிசோதனை என்பது கூட்டத்தில் யாரை மேலும் பார்க்க வேண்டும் என்று பிரித்தெடுப்பது. நோயைக் கண்டறிவது என்பது 'உங்களுக்கு இந்த நோய் இருக்கிறது' என்று முடிவு சொல்வது. முகாமில் நடப்பது பெரும்பாலும் முதலாவது. வீட்டுக்குத் திரும்பியவர் சொல்வது இரண்டாவது.

பி.பி.யை எடுத்துக்கொள்வோம். 140/90 அல்லது அதற்கு மேல், அதுவும் வேறு வேறு நாட்களில் குறைந்தது இரண்டு முறை வந்தால்தான் உயர் ரத்த அழுத்தம் என்று முடிவு செய்வது வழக்கம். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும், அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருக்கக் கூடாது, கை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது. இரண்டு கிலோமீட்டர் வெயிலில் நடந்து வந்து, ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டே கையை நீட்டுகிறவருக்கு 150 காட்டினால் ஆச்சரியம் என்ன? சுகரும் அப்படித்தான். வெறும் வயிற்றில் 126 என்பது சர்க்கரை நோய்க்கான ஒரு எல்லை. எப்போது சாப்பிட்டார் என்றே தெரியாமல் விரலில் குத்திப் பார்க்கும்போது 200ஐத் தாண்டி, கூடவே அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு மாதிரி அறிகுறிகளும் இருந்தால்தான் அந்த எண்ணுக்குத் தனியாக மதிப்பு. இல்லாவிட்டால் இன்னொரு நாள் ஆய்வகத்தில் பார்த்துதான் முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்து இன்னும் பெரியது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் முகாமில் பார்க்கிறார், எல்லாம் நார்மல் என்கிறார்கள். நார்மலாக இருப்பது மாத்திரையால்தான். ஆனால் அவர் 'எனக்கு சரியாகிவிட்டது' என்று நிறுத்திவிடுகிறார். பக்கவாதம் வருவதற்கு இது மிகச் சாதாரணமான வழி. பி.பி. மேசையில் உட்காரும் மாணவர் எண்ணைச் சொல்வதற்கு முன்னால் 'மாத்திரை சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்பது ஒரு உயிரைக் காப்பாற்றும் கேள்வி.

மருந்து மேசையில் நடக்கும் தவறுகள்

முகாமுக்கு வருகிறவர்கள் மாத்திரை வாங்காமல் திரும்பினால் ஏமாற்றமாக உணர்வார்கள், நடத்துகிறவர்களுக்கும் அது சங்கடம். அதனால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கவர். உள்ளே பெரும்பாலும் சத்து மாத்திரை, வலி மாத்திரை, வாயு மாத்திரை. மருந்துக் கம்பெனி பிரதிநிதிகள் தந்த சாம்பிள்களும் கலந்திருக்கும்.

1. இரட்டிப்பு. ஒருவர் அரசு மருத்துவமனையில் கிளிமிப்ரைடு சர்க்கரை மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். முகாமில் அதே மருந்தை வேறு பெயரில், வேறு நிற அட்டையில் தருகிறார்கள். இரண்டும் வேறு என்று நினைத்து இரண்டையும் விழுங்குகிறார். சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழுவது வயதானவர்களுக்கு உயிருக்கே ஆபத்து.

2. வலி மாத்திரை. டைக்ளோஃபினாக் போன்றவை சர்க்கரை, பி.பி. உள்ளவர்களின் சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. முட்டிவலி என்று வருகிற அறுபது வயதுக்காரர்களில் பலருக்கு அவை இரண்டும் இருக்கும். அவர்களுக்குத்தான் அந்தக் கவர் போகிறது.

3. பத்து நாள் மாத்திரை. வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்தைப் பத்து நாளுக்குக் கொடுத்தால் பதினோராவது நாள் என்ன செய்வார்? அடுத்த மாத்திரை எங்கே கிடைக்கும் என்று சொல்லாமல் முதல் மாத்திரையைக் கொடுப்பது, என் பார்வையில், கொடுக்காமல் இருப்பதைவிட மோசம். சிகிச்சை எடுத்தாகிவிட்டது என்ற நிம்மதியை அது தந்துவிடுகிறது.

எதற்கு முகாம் உண்மையிலேயே உதவும்?

ஒரே ஒருமுறை செய்தால் தீர்ந்துவிடுகிற பிரச்சினைகளுக்கு. அல்லது நோயாளிக்கே தெரியாமல் இருக்கிற, கண்ணால் பார்த்தால் தெரிந்துவிடுகிற பிரச்சினைகளுக்கு.

வெள்ளெழுத்துக் கண்ணாடி நல்ல உதாரணம். நாற்பதைத் தாண்டினால் பக்கத்தில் இருப்பது மங்கும். ஊசியில் நூல் கோக்க, அரிசியில் கல் பொறுக்க, பூக்கட்ட, மாத்திரை அட்டையில் தேதி படிக்க எல்லாவற்றுக்கும் சிரமம். ஒரு சாதாரண கண்ணாடி போதும், அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அசாமில் தேயிலை பறிக்கும் தொழிலாளர்களிடம் செய்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த இலையின் அளவு கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 22 சதவீதம் அதிகமாக உயர்ந்தது. இவ்வளவு குறைந்த செலவில் கூலியை உயர்த்துகிற மருத்துவம் வேறு எதுவும் உடனே நினைவுக்கு வரவில்லை.

கண்புரை, சொத்தைப் பல், காதில் அடைத்த அழுக்கு, புகையிலை போடுகிறவர்களின் வாயில் ஆறாத வெள்ளைத் திட்டு, உணர்ச்சி இல்லாத தோல் தேமல், குழந்தைகளின் மாறுகண் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு வராது. அவை முகாம் தேதிக்காகக் காத்திருப்பதில்லை.

கண் முகாமிலிருந்து கற்க வேண்டியது

முகாம் மருத்துவத்தில் தமிழ்நாடு உலகத்துக்கே பாடம் சொன்ன ஒரு துறை உண்டு என்றால் அது கண்தான். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முகாமின் பலம், ஆபத்து, எல்லை மூன்றும் இங்கே ஒரே இடத்தில் தெரிகின்றன.

எழுபது, எண்பதுகளில் கண்புரை அறுவை சிகிச்சை ஊரிலேயே நடக்கும். பள்ளிக்கூட வகுப்பறையோ கூடாரமோ அறுவை அரங்காகிவிடும். நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. ஆனால் 1986 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் குர்ஜா நகரில் அரிமா சங்கம் ஏற்பாடு செய்த முகாமில் 88 பேருக்குக் கண்புரை நீக்கினார்கள். அதில் 84 பேருக்கு அறுவை செய்த கண் நிரந்தரமாகக் கெட்டுப்போனது. ஒருவர் இருவர் என்றால் விதி என்று சொல்லலாம், கிட்டத்தட்ட எல்லோருக்கும் என்றால் எல்லோருக்கும் பொதுவான ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அறுவையின்போது பயன்படுத்திய சலைன் திரவத்தின் மீதுதான் சந்தேகம் விழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1989இல் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 12,500 ரூபாய் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஒரு கண்ணுக்கு 12,500 ரூபாய்.

தமிழ்நாட்டிலும் 2008இல், விழுப்புரம் மாவட்டத்து முகாமில் தேர்ந்தெடுத்துப் பெரம்பலூருக்கு அழைத்துப்போய் அறுவை செய்ததில் 66 பேருக்குப் பார்வை போனது. அங்கே நடந்தது கூடாரத்தில்கூட இல்லை, மருத்துவமனைக்குள். ஆக இடத்தை மாற்றினால் மட்டும் போதாது, கிருமி நீக்கும் நடைமுறை ஒவ்வொரு நாளும் பிசகாமல் இருக்க வேண்டும். கண்ணைவிட உயிரே போன சம்பவமும் உண்டு. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்தார்கள். பதின்மூன்று பெண்கள் இறந்தார்கள். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட கருத்தடை முகாம்களையே மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னது.

இதற்கு மாற்றாக வளர்ந்த முறை எளிமையானது: பரிசோதனை ஊரில், அறுவை மருத்துவமனையில். மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதை ஒரு நடைமுறையாகவே ஆக்கியது. உள்ளூர் அமைப்பு ஒன்று இடம், விளம்பரம், தன்னார்வலர்களைப் பார்த்துக்கொள்ளும். மருத்துவமனை கண் மருத்துவர்களையும் கருவிகளையும் அனுப்பும். கண்புரை உறுதியானவர்களை அன்று மாலையே பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துப்போய், தங்க வைத்து, சாப்பாடு போட்டு, அறுவை செய்து, திரும்ப ஊரில் கொண்டுவந்து விடுவார்கள். பிறகு மறுபரிசோதனை உண்டு. பணம் கட்டக்கூடிய நோயாளிகளிடம் வரும் வருமானம் இலவச நோயாளிகளின் செலவைத் தாங்கும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதி விலையில் கட்டுப்படியாகாததால் 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை ஆரம்பித்து அதையும் மதுரையிலேயே தயாரித்தார்கள்.

இந்தப் பஸ்தான் முக்கியமான கண்டுபிடிப்பு என்பேன். 'மதுரைக்கு வந்து அறுவை செய்துகொள்ளுங்கள்' என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? கூட வர ஆள் வேண்டும், பஸ் காசு வேண்டும், ஊர் தெரியாது, பயம் வேறு. சீட்டுக்கும் சிகிச்சைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை நோயாளியே தாண்டட்டும் என்று விடாமல், முகாம் நடத்துகிறவரே தாண்ட வைத்தார்.

சரி, அப்படியானால் இந்த முறை எல்லோரையும் சென்று சேர்ந்ததா? இங்கேதான் நேர்மையான ஒரு திருப்பம். முகாம் நடந்த கிராமங்களிலேயே வீடு வீடாகப் போய்ப் பார்த்து 1999இல் வெளியிட்ட ஆய்வு, கண் பிரச்சினை உள்ள பெரியவர்களில் சுமார் 7 சதவீதம் பேர்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள் என்று காட்டியது. மிச்சம் 93 சதவீதம்? பயம், செலவு, அழைத்துப்போக ஆள் இல்லை, 'இன்னும் கொஞ்சம் தெரிகிறதே' என்ற சமாளிப்பு. அன்றைக்குப் பந்தலில் நிரம்பி வழிந்த கூட்டம் தேவையில் ஒரு சிறு பங்குதான். வர முடியாதவர்கள் யார் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் வராதவரை எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை.

அதன் பிறகு 2004 முதல் அரவிந்த் சிறு ஊர்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறக்க ஆரம்பித்தது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் தினமும் அங்கே இருப்பார்கள். அவர்கள் கண்ணைப் பார்த்துப் படம் எடுத்து அனுப்ப, மருத்துவர் இணையம் வழியாகப் பேசுவார். முகாமில் பேர் வாங்கிய ஒரு அமைப்பே முகாம் போதாது என்று தரவைப் பார்த்து முடிவெடுத்தது, ஊரில் முகாம் நடத்தத் திட்டமிடுகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

தொடர்ச்சி என்றால் என்ன?

தமிழ்நாட்டில் 2020இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது. மருத்துவக் கட்டமைப்பில் முன்னணியில் இருக்கும் மாநிலத்தின் எண் இது. கண்டுபிடிப்பதில் மட்டும் குறை இருந்தால் முகாம்களைக் கூட்டினால் போதும். ஆனால் கண்டுபிடித்த பிறகு மாதாமாதம் மாத்திரை கையில் சேராததும் பெரிய குறை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த ஓட்டையைக் குறிவைத்துத்தான் வந்தது. மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கு வந்து பி.பி., சுகர் பார்த்து, தேவையானவர்களுக்கு மாத்திரையைக் கையிலேயே தருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும், வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டிலேயே. வருகிற தன்னார்வலர் அதே ஊர்க்காரர் என்பதுதான் இதில் விஷயம். 'என்னக்கா, போன மாசம் மாத்திரை அப்படியே இருக்கு?' என்று கேட்க அவரால் முடியும், ஞாயிற்றுக்கிழமை வந்து போகிற இதய நிபுணரால் முடியாது.

இதையே அரசுத் திட்டம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னால் செய்துகாட்டிய இடம் தர்மபுரி மாவட்டத்தின் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவில் இருக்கும் சித்திலிங்கி. 1993இல் டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதி அங்கே போனபோது ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயது ஆகும் முன்னே இறந்துகொண்டிருந்தன. அவர்கள் அங்கேயே குடியேறி, சிறு குடிசையில் வைத்தியத்தை ஆரம்பித்து, மலைவாழ் பெண்களையே செவிலியராகவும் ஊர் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அந்தப் பெண்கள் ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டார்கள். அந்த எண் பல மடங்கு குறைந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

சுருக்கமாக, முகாம் நடத்துகிறவர்களுக்குத் தெரிய வேண்டியவை மட்டும்.

1. சிகிச்சை சொல்கிறவர் பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். மருத்துவ மாணவர்கள் பி.பி. பார்க்கலாம், விவரம் எழுதலாம், மருந்து எழுதக் கூடாது. ஒரு ஒப்பீட்டுக்கு: அமெரிக்காவில் டாக்டர் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஸ்டான் பிராக் 1985இல் தொடங்கிய ரிமோட் ஏரியா மெடிக்கல் என்ற தன்னார்வ அமைப்பு, வெளிமாநில மருத்துவர்கள் இலவசமாகச் சிகிச்சை தரலாம் என்று டென்னசியில் 1995இல் தனிச் சட்டம் வரும் வரை அதற்காகப் போராட வேண்டியிருந்தது.

2. ஸ்கேன். 'முகாமில் ஸ்கேன் ஏன் எடுப்பதில்லை?' என்று பலர் கேட்பார்கள். கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் பதிவாக வேண்டும், கையடக்கக் கருவிகளுக்கு 2012 முதல் கட்டுப்பாடு இன்னும் கடுமை. நினைத்த இடத்துக்குத் தூக்கிப்போய் எடுக்க முடியாது. மற்ற மருத்துவச் சேவைகளோடு சேர்ந்து இயங்கும், பதிவு பெற்ற நடமாடும் மருத்துவப் பிரிவில் மட்டும் அனுமதி உண்டு.

3. கழிவு. 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள் மருத்துவ முகாம்களுக்கும் பொருந்தும் என்று தெளிவாகவே சொல்கின்றன. விரலில் குத்திய ஊசிகள் துளைபடாத வெள்ளை டப்பாவில், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில். முகாம் முடிந்த மறுநாள் அந்த மைதானத்தில் விளையாடப் போவது பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

யார் செலவு செய்கிறார்கள்?

மெஹ்சாணா சம்பவம் புரிய இதைக் கேட்க வேண்டும். இலவச முகாமுக்கும் செலவு உண்டு, அதை யாரோ எங்கிருந்தோ ஈடுகட்டுகிறார்கள். அரிமா சங்கம் நன்கொடையிலிருந்து கொடுக்கலாம், அரவிந்த் போல பணம் கட்டும் நோயாளிகள் தாங்கலாம், அரசு வரிப் பணத்தில் நடத்தலாம். தனியார் மருத்துவமனை தன் பெயர் பரவட்டும் என்று நடத்துவதிலும் தப்பில்லை. ஆனால் முகாமில் எத்தனை பேரைச் சேர்க்கைக்கு அழைத்து வந்தார்கள் என்பதை வைத்து அந்த மருத்துவமனை லாபம் பார்க்குமானால், காப்பீட்டு அட்டை உள்ள ஒவ்வொரு கிராமத்தாரும் ஒரு பில் ஆகிவிடுகிறார்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் வெளிப்படையானவை. மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே காப்பீட்டு அட்டையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது. ஒரே பரிசோதனையில் பெரிய நோய் என்று பயமுறுத்தி அன்றைக்கே வண்டியில் ஏறச் சொல்வது. அறிக்கையின் நகலைக் கையில் தராமல் இருப்பது. வீட்டாரிடம் பேசக்கூட நேரம் தராதது. நெஞ்சுவலியோடு துடிக்கிறவருக்கு அவசரம் உண்மை, அவரை உடனே கொண்டுபோக வேண்டும். நடந்து வந்து, வரிசையில் நின்று, டீ குடித்துக்கொண்டிருக்கிறவருக்கு ஸ்டென்ட் பற்றி இன்னொரு மருத்துவரிடம் கேட்க ஒரு நாள் அவகாசம் கண்டிப்பாக இருக்கிறது. கண்புரைக்கோ அவகாசம் பொதுவாக இன்னும் அதிகம்.

நடத்துகிறவர்கள் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவை

1. ஒரு நோய் அல்லது இரண்டு. 'அனைத்து நோய்களுக்கும்' என்று போஸ்டர் அடித்தால் எதையும் முழுதாகப் பார்க்க முடியாது. கண்ணும் பல்லும் போதும், அல்லது பெண்களுக்கான கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனை மட்டும்.

2. அந்த ஊரின் கிராம சுகாதார செவிலியரிடமும் வட்டார மருத்துவ அலுவலரிடமும் முதலிலேயே பேசுங்கள். யார் வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள், யார் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்று அந்தச் செவிலியருக்குத் தெரியும். முகாமுக்கு வர முடியாத அந்த 93 சதவீதத்தின் பட்டியல் கிட்டத்தட்ட அவர் கையில் இருக்கிறது.

3. புதிய மருந்துப் பெயர்களைக் கொண்டுவராதீர்கள். சர்க்கரை, பி.பி.க்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எது கிடைக்கிறதோ அதையே எழுதுங்கள்.

4. பரிந்துரைச் சீட்டு எழுதினால் எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, எந்த அறை, எப்படிப் போவது என்று எழுதுங்கள். முடிந்தால் வண்டி வையுங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால் மருந்துக் கவருக்கு ஒதுக்கியதில் பாதியை எடுத்து வண்டிக்குப் போடுங்கள்.

5. சந்தேகம் வந்த ஒவ்வொருவரின் பெயரும் ஒரு நோட்டில் இருக்க வேண்டும். இரண்டு வாரம், பிறகு ஆறு வாரம் கழித்து யாராவது ஒருவர் போன் செய்து, 'போனீங்களா? என்ன சொன்னாங்க?' என்று கேட்க வேண்டும். இந்த வேலைக்கு மருத்துவர் தேவையில்லை, நிதானமாகப் பேசத் தெரிந்த இரண்டு கல்லூரி மாணவர்கள் போதும். தன்னார்வலர்கள் செய்யக்கூடியதில் மிகவும் பயனுள்ள வேலை இது, போட்டோவில் வராத வேலையும் இதுதான்.

போகிறவர்கள் செய்ய வேண்டியவை

இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பழைய சீட்டு, ரிப்போர்ட் இருந்தால் அதுவும். உங்களுக்குப் பல தொல்லைகள் இருந்தாலும் மிகவும் படுத்துகிற ஒன்றை முதலில் சொல்லுங்கள், நான்கு நிமிடம்தான் இருக்கிறது. கிளம்பும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது உறுதியா, சந்தேகமா? அடுத்து எங்கே, எப்போது போக வேண்டும்? ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையைத் தொடரவா? கொடுத்த சீட்டை அந்த வாரமே துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் காட்டுங்கள். அறுவை சிகிச்சை என்று சொல்லிக் குழப்பமாக இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அரசு மருத்துவமனையில் ஒருமுறை கேளுங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம்.